ராஜபாய் செய்த மேடை சோபா

அந்த வீடியோ ஒரு நிமிடம்கூட ஓடாது. திருவனந்தபுரம் கரமனையில் ஒரு கல்யாண மண்டபம், மேடை நிறையப் பூ, நடுவில் மெரூன் வெல்வெட் போர்த்திய பெரிய சோபா. மணமக்கள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டோக்காரர் "அடுத்த பார்ட்டி, அடுத்த பார்ட்டி" என்று விரட்டுகிறார். பட்டு ஜிப்பா போட்ட ஒரு தாய்மாமன் மேடையேறி வருகிறார். உட்கார இடமில்லை. சோபாவின் கைமேல் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காருகிறார். சடக்கென்று ஒரு சத்தம். சாய்கிற மாமன் சோபாவின் முதுகைப் பிடிக்க, சோபா மாமனை நம்பிப் பின்னால் போக, அடுத்த கணம் மணமக்களின் நான்கு கால்களும் ஆகாசத்தில்.

யாருக்கும் அடிபடவில்லை. மாமன் எழுந்ததும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். மணப்பெண் சிரித்தேவிட்டாள். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் வீடியோ எடுத்த புண்ணியவான் கடைசியில் கேமராவைக் கிட்டே கொண்டுபோனான். மல்லாந்து கிடந்த சோபாவின் அடித்துணியில் வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று எழுதியிருந்தது: ராஜபாய் குஷன் ஒர்க்ஸ், ஆரியசாலை. அதற்குக் கீழே போன் நம்பர்.

தன் கடையில் செய்கிற ஒவ்வொரு சோபாவின் அடியிலும் பெயரும் நம்பரும் எழுதிவைப்பது கடைக்காரம்மா ராஜபாயின் வழக்கம். பழுதென்றால் கூப்பிடு, ஓடி ஒளிய மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். கூப்பிட்டார்கள். பாறசாலையிலிருந்து கழக்கூட்டம்வரை கூப்பிட்டார்கள்.

"சேச்சி, மறிஞ்சு விழுற சோபா ஒண்ணு வேணும். மாமியாருக்கு."

"ஹலோ, ராஜபாய் சர்க்கஸா?"

சிரித்தவர்களால் கெடுதல் இல்லை. சிரிக்காமல் கூப்பிட்டவர்களால்தான் கெடுதல். பட்டம் பகுதியிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர், "பாதி பண்ணின சோபாவ அப்படியே திருப்பித் தந்துடும்மா, பயமா இருக்கு" என்றார். கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் நடத்துகிறவர், செய்து முடித்த குஷன்களை எடுக்க வண்டி அனுப்பவே இல்லை. போனையும் எடுக்கவில்லை. கடைக்கு மூலதனம் என்று ராஜபாயிடம் இருந்தது பெயர் ஒன்றுதான். அது இப்போது ஊர்முழுக்கக் கையிலிருந்து கைக்குத் தாவிக்கொண்டிருந்தது, மல்லாந்த சோபாவின் அடியில்.

ராஜபாய்க்கு ஐம்பது தாண்டிவிட்டது. களியக்காவிளையில் பிறந்து, தச்சுவேலை செய்யும் சுவாமிதாஸைக் கட்டிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்தவர். முதல் வேலை ஆட்டோவுக்கு சீட் தைக்கிற கடையில். சீட்டைச் சோதிப்பதில் ஆட்டோ டிரைவரை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் சீட்டை அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் பொழுது விடிந்து அடையும்வரை உட்கார்ந்து பார்ப்பார். ஒரு நாள் ஒரு டிரைவர் கடைவாசலில் ஆட்டோவை நிறுத்தினார். பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்துப் புத்தம்புது ரெக்ஸினை நீளவாக்கில் கிழித்தார். உள்ளேயிருந்து பழைய சீட்டுகளின் துண்டும் துணுக்குமாக ஃபோம் உதிர்ந்தது. கடை முதலாளி வேறு பக்கம் பார்த்தார்.

காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கிழித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்றால் இதென்ன வியாபாரம் என்று ராஜபாய்க்கு அன்றைக்குத் தோன்றியது. பின்னால் ஆரியசாலையில் சொந்தக் கடை போட்டபோது அவர் வைத்த முதல் சட்டம் இதுதான்: அடித்துணியை மூடும் முன் வாடிக்கையாளர் வரவேண்டும். சோபாவைக் கவிழ்த்து வைத்திருப்பார். வந்தவர் அதன் வயிற்றுக்குள் கைவிட்டு, இருக்கையைத் தாங்கும் பெல்ட்டை இழுத்துப் பார்க்கலாம், ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்க்கலாம், ஃபோமைக் கிள்ளிப் பார்க்கலாம். சரி என்றால்தான் ஸ்டேப்ளர் அடிப்பார். "ஆரியசாலையில கைவிட்டுப் பாக்கிற கடை" என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுவந்து இறக்கிவிடுவார். அப்படிச் சம்பாதித்த பெயர் அது.

வீடியோ வந்த மறுநாள் மண்டபத்து மேனேஜர் ஸ்ரீகண்டன் வந்தார். உடைந்த சோபா அவருக்குப் பின்னாலேயே குட்டி லாரியில் வந்தது.

"சேச்சி, முதலாளி என்னை வறுத்து எடுத்துட்டாரு."

"சாரே, சோபாவுக்க கை எண்ணு சொன்னா கை வைக்கியதுக்காக்கும். அதில ஏறி இருக்கியதுக்கு ஆரு சொன்னா?"

"பின்னே? போட்டோவுக்கு வாறவங்க வீட்டுலேருந்து ஸ்டூல் எடுத்துட்டா வருவாங்க?"

"கையில் அமரக் கூடாதுண்ணு ஒரு போர்டு எழுதி வையுங்க."

"வைக்கலாமே. மணப்பெண்ணுக்கு மேலயா, கீழயா?"

ஸ்ரீகண்டன் சத்தத்தைத் தணித்துக்கொண்டார். மலையாளத்து ஆவணியான சிங்ஙம் பிறந்தாயிற்று, மண்டபத்தில் இனி ஞாயிறுதோறும் கல்யாணம். அடுத்த ஞாயிறு மேடையில் ஒரு வாடகை சோபா போட்டுச் சமாளித்துக்கொள்வார். அதற்கடுத்த ஞாயிறு சாலைக் கடைவீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் வேலப்பனின் மகள் ரெஷ்மாவுக்கு. ரெஷ்மாவின் அம்மா நாச்சியார் வீடியோவைப் பார்த்துவிட்டு, "அந்த சோபா மேடையில இருந்தா நாங்க மண்டபத்த மாத்திக்குவோம்" என்று சொல்லிவிட்டார். முதலாளியோ, ராஜபாயைவிட்டுவிட்டு ரெடிமேட் சோபா வாங்கிவிடலாம் என்கிறார். அவருக்கு நகரத்தில் வேறு மண்டபங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் இதே முடிவுதான்.

"நாச்சியாரம்மா சம்மதிச்சா உங்க சோபா மேடையில நிக்கும். இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது சேச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராஜபாய் உடைந்த கையின் வெல்வெட்டை உரித்தார். உள்ளே மெல்லிய சட்டம், அதன்மேல் ஹார்ட்போர்டு, சோபாவோடு சேர்கிற இடத்தில் பசையும் ரெண்டு ஆணியும். அவர் ஏதும் கேட்பதற்கு முன்பே சுவாமிதாஸ் ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி, எனக்க வேலையக் குத்தம் சொல்லாத. வெயிட் கொறையணும்ணு சொன்னது ஆரு?"

"நாந்தான்."

"மண்டபத்துப் பயலுவ தூக்கிப் போடணும், எடுக்கணும், லேசா இருக்கட்டும்ணு சொன்னது ஆரு?"

"நாந்தாண்ணு சொன்னேனே. பாட்டாவா பாடணும்?"

சுவாமிதாஸ் அடங்கினார். ராஜபாய் அந்த ரெண்டு ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டில் தளர்ச்சி இல்லை. ஸ்பிரிங் ஒன்றும் நகரவில்லை. ஃபோம் புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. ஸ்ரீகண்டனும் செய்து முடித்த அன்றைக்கு வந்து, வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு "கொள்ளாம்" என்று மெச்சிவிட்டுப் போனவர்தான். சோபாவின் கைகளை அதற்கும் முன்பே மூடிவிடுவார்கள். துணி போட வசதி அப்படி. எந்தக் கடையிலும் அப்படித்தான்.

"இஞ்ச பாருங்க," என்றார் கணவரிடம். "இத்தன காலமும் நாம தெறந்து காட்டினதெல்லாம் நல்லா செய்த இடமாக்கும். இந்த இடத்த ஒருத்தருக்கும் காட்டினதில்ல."

"ஒருத்தரும் கேட்டதில்லையே."

"கேக்கமாட்டாங்க. நாம காட்டுற எடத்தத்தானே பாப்பாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் இருவரும் உடுத்திய நல்ல உடுப்போடு கல்யாணம் பார்க்கக் கிளம்பினார்கள். அழைப்பு கிடையாது. கரமனை, பாப்பனங்கோடு, நேமம் என்று வழியில் வாழைமரம் கட்டியிருந்த மண்டபத்துக்குள் எல்லாம் நுழைந்தார்கள். மேடைக்கு நேரே நாற்காலி பிடித்து, பெண்ணையும் பார்க்காமல் மாப்பிள்ளையையும் பார்க்காமல் சோபாவையே பார்த்தார்கள்.

மணமக்கள் சோபாவில் உட்கார்ந்ததுதான் குறைவு. சித்தப்பாக்கள் கைமேல் உட்கார்ந்தார்கள். ஒரு அத்தை குழந்தையைக் கைமேல் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டார். கழக்கூட்டத்திலிருந்து வந்த பெண்ணின் ஆபீஸ் தோழிகள் பாதிப் பேர் முதுகுச் சட்டத்தின் மேலேயே ஏறிவிட்டார்கள். போட்டோக்காரர் உயரம் போதாமல் ஒரு முழங்காலை ஊன்றி ஏறிக்கொண்டார். இரண்டு பேருக்கென்று கணக்குப் போட்டுச் செய்த சாமானின்மேல் ஒரு தறவாட்டுக் குடும்பமே குடியேறியது.

"எவன் சொன்னான் இதுக்குப் பேரு சோபாண்ணு?" என்றார் சுவாமிதாஸ். "கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸாக்கும்."

ஒரு மண்டபத்தில் பந்தி விசாரிக்கிறவர் இவர்களைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

"நாங்க சோபா வீடு" என்றார் ராஜபாய், கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல். அவர் தலையாட்டிவிட்டு இலை போட்டார். பாயசம் இரண்டாம் முறையும் வந்தது.

திங்கட்கிழமை பழைய சட்டத்தை விறகாக ஒதுக்கிவிட்டு, கெட்டியான அயனி மரத்தில் புதிதாகத் தொடங்கினார்கள். கையைத் தனியாகச் செய்து ஒட்டுகிற பேச்சே இல்லை. முன்காலே நிமிர்ந்து போய்க் கையைத் தாங்குகிற மாதிரி ஒரே நீளக் கட்டை. ஆணிக்குப் பதில் ஊடுருவிப் போகும் போல்ட். பின்கால்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தார் சுவாமிதாஸ், யார் சாய்ந்தாலும் மல்லாந்து விழாமல் இருக்க. எடை கூடத்தான் செய்தது. அதற்கு முதுகுப்புறத்தில் நல்ல பெல்ட்டில் பிடிகள் தைத்தார் ராஜபாய். நான்கு பேர் பிடித்தால் பெட்டி மாதிரி எழும்பும்.

துணி போடும் முன் சாலைக் கடைவீதிக்குப் போய் நாச்சியாரைக் கடையிலேயே பார்த்தார். நாச்சியார் மல்லி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கல்யாணப் பலகாரத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தான் ராஜபாய். அந்த சோபா செய்தவ."

நாச்சியார் மேலும் கீழும் பார்த்தார். "தைரியந்தான் உனக்கு."

"கை ஒடஞ்சது எனக்க தப்பு. புதுசா செய்திருக்கேன். துணி போடல்ல, எலும்பு எல்லாம் வெளிய தெரியும். ஒருக்கா வந்து பாருங்கக்கா. பிடிக்கலேண்ணா மண்டபத்துக்குக் கொண்டுபோக மாட்டேன்."

"ஏம்மா, நீ சோபா எத்தன வாட்டி வேணும்னாலும் செய்யலாம். என் பொண்ணுக்குக் கல்யாணம் ஒரே வாட்டி."

"அதுக்குத்தான் வரச் சொல்லுதேன்."

நாச்சியார் வந்தார். பின்னாலேயே வேலப்பனும் வந்தார். கடை இடுக்கம் என்பதால் சோபாவின் எலும்புக்கூட்டை ராஜபாய் வாசலில் நடைபாதையிலேயே போட்டிருந்தார். நாச்சியார் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்தார். வயிற்றுக்குள் கைவிட்டார். போல்ட்டைத் தடவினார். கைச்சட்டத்தைத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அண்ணனை நீ பாத்ததில்ல. நாகர்கோவில்லேருந்து அவன் வாறான்னா, கார்க்காரன் டயருக்குக் காத்து அடிப்பான்."

ராஜபாய் தெருமுனையைப் பார்த்தார். நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளர்கள் லாரி வரக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"சுனிலே! ஆளுவளக் கூட்டிக்கிட்டு வா. ஒரு ஜோலி உண்டு."

சுனில்தான் அந்த முனையின் தலைவர்; அரிசி மூட்டையைத் தலையணை மாதிரித் தூக்குகிறவர். "எந்தா சேச்சி, எறக்கணுமா, ஏத்தணுமா?"

"ரெண்டும் வேண்டாம். இதில ஏறி உக்காரணும். கையில."

அவர்களும் வீடியோ பார்த்தவர்கள்தான். சுனில் சோபாவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "உக்காந்தா கூலி உண்டோ?"

"அடுத்தவன் சுமை எறக்கியதப் பாத்துக்கிட்டு நிண்ணதுக்கே நோக்குகூலி கேட்ட ஆளுவளாக்கும் நீங்க. உக்காருவதுக்குக் கேக்காம இருப்பியளா? சாயா தாறேன், இரு."

தெருவே சிரித்தது. கைக்கு இரண்டு பேராக ஏறினார்கள். நடுவிலும் ஆள் நிறைந்தது. முதுகுச் சட்டத்தின் மேல் இன்னும் சிலர். எதிர்க்கடைக்காரர் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்தார். பஸ் ஒன்று வேகம் குறைத்தது.

"குலுங்குங்க" என்றார் நாச்சியார்.

குலுங்கினார்கள். 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

நீலச் சட்டைகள் அப்படியே உறைந்தன. ராஜபாய் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்கால் நின்ற இடத்தில் சாக்கடையை மூடியிருந்த கான்கிரீட் பலகை விரிசல் விட்டிருந்தது.

"சோபாவுக்கு ஒண்ணுமில்ல," என்று நிமிர்ந்தார். "கார்ப்பரேஷன் பலகையாக்கும் ஒடஞ்சது."

சுனில் கைமேல் உட்கார்ந்தபடியே விசிலடித்தார். நாச்சியார் சிரிக்கவில்லை. சோபாவை நகர்த்திப் போடச் சொல்லி, மறுபடியும் குலுங்கச் சொல்லி, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"துணியப் போடு. ஆனா மெரூன் வேண்டாம், வீடியோல பாத்துச் சலிச்சுப் போச்சு. பச்ச போடு."

ஞாயிற்றுக்கிழமை மேடையில் பச்சை வெல்வெட் சோபா நின்றது. தாலிகட்டு முடிந்தது. ரெஷ்மாவும் மாப்பிள்ளையும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ராஜபாய் மேடைக்குப் பக்கத்தில், பூ அலங்காரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அவர் நினைக்காத ஒன்று நடந்தது. யாருமே கைமேல் உட்காரவில்லை. மேடையேறிய ஒவ்வொரு குடும்பமும் சோபாவுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றது. போட்டோக்காரர், "கிட்டே வாங்க, கிட்டே" என்று கையைக் காட்டக் காட்ட அவர்கள் நழுவினார்கள். ஒரு பெரியவர் உட்காரப் போனார். மகன் கையைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொன்னான். ஹாலில் அங்கங்கே செல்போன்கள் மேடையைப் பார்த்து உயர்ந்தன. அவை மணமக்களுக்காக உயரவில்லை என்று ராஜபாய்க்குத் தெரியும்.

அயனி மரத்தால் ஆகக்கூடியது இவ்வளவுதான் என்று அவருக்குப் புரிந்தது. உட்கார்ந்தால் தாங்கும். உட்காரவைப்பதற்கு மரத்தால் ஆகாது. ஸ்ரீகண்டன் ஹாலின் மறுகோடியிலிருந்து அவரைப் பார்த்தார், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் நாகர்கோவில் அண்ணன் மேடையேறினார். படிகள் அதை அறிவித்தன. சோபாவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"உக்காரு அண்ணே" என்றார் நாச்சியார்.

"வேண்டாம்டி. நின்னுக்கிறேன். நானும் அந்த வீடியோவப் பாத்தேன்."

"அடியில என்ன எழுதியிருந்துச்சுன்னு நீ பாத்தே. நான் உள்ளயே கைய விட்டுப் பாத்தவ."

சொல்லிவிட்டு, பட்டுச்சேலையும் நகையுமாக, பெண்ணைப் பெற்றவர் சோபாவின் ஒரு கைமேல் டக்கென்று ஏறி உட்கார்ந்தார். கால் இரண்டும் தரையில் படவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. நாச்சியார் அண்ணனைப் பார்த்து மறு கையைக் காட்டினார். அவர் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மெல்ல, மெல்ல, ஒரு லாரி பின்னுக்கு வருகிற மாதிரி, அதன்மேல் இறங்கினார்.

சோபா அசையவில்லை.

முதல் கைதட்டல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அடுத்த கணம் ஹால் முழுக்க அதிர்ந்தது. ரெஷ்மா சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி சரிந்தது. பிறகு யாரையும் தடுக்க முடியவில்லை. அண்ணன் எழுந்ததும் அந்த இடத்தில் இரண்டு பேர். சித்தப்பாக்கள், அத்தைகள், ஆபீஸ் தோழிகள், அதுவரை ஒதுங்கி நின்ற சம்பந்தி வீட்டார், எல்லோருக்கும் கைமேல் உட்கார்ந்து ஒரு படம் வேண்டும். மேடைப் படியிலிருந்து வாசல்வரை வரிசை நீண்டது. சாப்பாட்டு ஹாலின் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. திருவனந்தபுரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் மணமக்களை மேடையிலேயே விட்டுவிட்டு ஊரே எழுந்து ஓடும். அன்றைக்கு வரிசையில் நின்றவர் ஒருவரும் நகரவில்லை.

ஸ்ரீகண்டன் மூச்சிரைக்க ராஜபாயிடம் ஓடிவந்தார். "சேச்சி, எலை போட்டாச்சு, சாம்பார் ஆறுது, ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க! என்ன சோபா செஞ்சீங்க நீங்க?"

"கூடிப்போச்சா சாரே? கொறைக்கணுமா?"

"அய்யோ, வேண்டாம். முதலாளி பால்கனியிலேருந்து பாத்துட்டு இருக்காரு. மத்த மண்டபத்துக்கும் நாளைக்கே அளவெடுக்கச் சொல்லியாச்சு. இப்ப நீங்க மைக்க எடுத்து இவங்களச் சாப்பிடப் போகச் சொல்லுங்க, நான் சொன்னாக் கேக்கமாட்டாங்க."

ராஜபாய் மைக்கை எடுக்கவில்லை. சுவாமிதாஸ் எடுத்துவிட்டார். "எல்லாரும் போய் ஊணு கழிச்சிட்டு வாங்க, சோபா இஞ்சதான் இருக்கும்" என்றார். இன்னொரு முறை கைதட்டல் எழுந்தது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் ஆள். கழக்கூட்டத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு இளம் தம்பதி. போனமாதம் அவர்கள் ஆர்டர் கொடுத்த சோபா, துணி போட்டு மூடத் தயாராக இருந்தது. ராஜபாய் அதைக் கவிழ்த்து வயிற்றைக் காட்டினார். கையின் உள்ளெலும்பைக் காட்டினார். இனி எந்த சோபாவிலும் அதைக் காட்டாமல் துணி போடுவதில்லை என்பது புதுச் சட்டம். அந்தப் பெண் பொறுமையாக எல்லாம் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து முதுகுப்பக்கத்தைத் தட்டினாள். அது மட்டும் ஏற்கெனவே அழகாக மூடி, தைத்து, பட்டன் வைத்து முடித்திருந்தது.

"அக்கா, இதுக்குள்ள என்ன இருக்கு? இவரு கிரிக்கெட் பாக்கும்போது இதுமேல ஏறித்தான் உக்காருவாரு."

கணவன் நெளிந்தான். சுவாமிதாஸ் தையலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ராஜபாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை காலத்தில் இப்படிக் கேட்ட முதல் வாடிக்கையாளர் இந்தப் பெண்தான். "அப்படிக் கேளு மக்களே" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கத்திரியை எடுத்து முதுகின் முதல் பட்டனை வெட்டினார்.